ஜெர்மனி: எந்த விசாவில் போனால் எங்கே போய்ச் சேரலாம்

ஜெர்மனிக்குப் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த விசா சீக்கிரம் கிடைக்கும் என்பதைத்தான். ஏஜென்ட்டும் அதற்குத்தான் பதில் சொல்வார். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியதும் அவர் வேலை முடிந்தது. உங்கள் வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. ஆகவே கடைசியிலிருந்து கணக்குப் போடுங்கள். ஒரு பட்டமும் மூன்று நான்கு வருட அனுபவமும் போதும், பிறகு ஊர் திரும்பிவிடலாம் என்பவருக்கு ஒரு வழி. குடும்பத்தோடு அங்கேயே இருந்துவிட வேண்டும் என்பவருக்கு வேறு வழி. எதில் போனாலும் இரண்டு விஷயங்களை முதலில் பாருங்கள்: இந்த அனுமதியிலிருந்து அடுத்த அனுமதிக்கு ஜெர்மனிக்குள் இருந்தபடியே மாற முடியுமா? இதில் கழிக்கும் மாதங்கள் நிரந்தரக் குடியிருப்புக் கணக்கில் சேருமா?

ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தில் ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு பிரிவு எண் உண்டு. தொழிற்பயிற்சிக்கு 16ஏ, பல்கலைக்கழகப் படிப்புக்கு 16பி, பட்டதாரி வேலைக்கு 18பி, புளூ கார்டுக்கு 18ஜி, வேலை தேடிப் போகும் சான்சன்கார்ட்டேவுக்கு 20ஏ. உங்கள் கைக்கு வரும் அட்டையிலேயே இந்த எண் அச்சாகியிருக்கும். வேலை மாறுவதா, மனைவியையோ கணவரையோ அழைத்துக்கொள்வதா, ஆறு மாதம் ஊரில் வந்து இருப்பதா, எல்லாவற்றுக்கும் விதி அந்த எண்ணைப் பொறுத்துத்தான். ஏஜென்ட் சொல்லும் கவர்ச்சியான பெயரை விட்டுவிட்டு, எந்தப் பிரிவு என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

இன்னொரு அடிப்படை. தூதரகம் கொடுப்பது உள்ளே நுழைவதற்கான நீண்டகால விசா மட்டும். அதை 'டி' வகை என்பார்கள், கட்டணம் 75 யூரோ. தங்குவதற்கான அனுமதி அட்டையைக் கொடுப்பது, நீங்கள் போய் வாழும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகம். விண்ணப்பத்தை வெளியுறவுத் துறையின் தூதரகச் சேவை இணையதளத்தில் நிரப்பி, பிறகு விஎஃப்எஸ் மையத்தில் அசல் ஆவணங்களையும் கைரேகையையும் கொடுக்க வேண்டும். 'டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் ஷெங்கன் சுற்றுலா விசாவில் போய் அதைப் படிப்புக்கோ வேலைக்கோ மாற்றிக்கொள்ளும் வழக்கமான வழி கிடையாது; திரும்பி வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும்.

2024 அக்டோபரில், இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. அன்றிலிருந்து எல்லா விளம்பரப் பலகையிலும் இந்த எண்தான். 90,000 என்பது நாற்காலி எண்ணிக்கை அல்ல. தகுதி விதி ஒன்றுகூட அதனால் தளரவில்லை.

படிப்பு வழி

தமிழ்நாட்டிலிருந்து அதிகம் பேர் யோசிப்பது இந்த வழியைத்தான், பெரும்பாலும் ஆங்கிலவழி எம்.எஸ். படிப்புக்கு. அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது பொதுவாக உண்மை. செமஸ்டருக்கு 100 முதல் 400 யூரோ வரை நிர்வாகக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டியிருக்கும், பல இடங்களில் ரயில், பஸ் பாஸும் அதிலேயே அடங்கும். விதிவிலக்குகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க், ஃபிரைபர்க் ஆகியவை இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து, படிப்பைப் பொறுத்து 2,000 முதல் 6,000 யூரோ வரை.

பிளஸ் டூ முடித்த கையோடு இளநிலைப் படிப்புக்குப் போவது, பலர் நினைப்பதுபோல, நேர்வழி அல்ல. இந்தியப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் இருந்தால் நேரடிச் சேர்க்கை கிடைக்காது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் குறைந்தது முதலாண்டு முடித்து, அதே துறையில் விண்ணப்பிக்க வேண்டும். என் அபிப்பிராயம், பொறியியலை இங்கேயே முடித்துவிட்டு மேற்படிப்புக்குப் போவது பணத்துக்கும் மனத்துக்கும் நல்லது.

இந்தியப் பட்டத்தோடு மாணவர் விசா கேட்பவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். டெல்லி ஜெர்மன் தூதரகத்தின் கல்விச் சான்று மதிப்பீட்டு மையம் உங்கள் மதிப்பெண் பட்டியல்கள் உண்மையானவையா என்று சரிபார்த்துக் கொடுக்கும் சான்று இது. கட்டணம் 18,000 ரூபாய். இலங்கைப் பட்டக்காரர்களுக்கு இது இல்லை. அவர்கள் கொழும்புத் தூதரகத்தில் நேரே விண்ணப்பிக்கலாம். அரியர் முடித்து கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் வருவதற்குள் சேர்க்கைக் கடைசித் தேதி ஓடிவிடுவது நம் பொறியியல் மாணவர்களுக்கு வழக்கமான தலைவலி. ஏழாம் செமஸ்டரிலேயே ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகப் போகிறது. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் கூடுதல் ஒவ்வொன்றுக்கும் 30.

அடுத்தது பிளாக்டு அக்கவுண்ட். மாதம் 992 யூரோ வீதம் ஓராண்டுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுப் பூட்ட வேண்டும். ஜெர்மனி போன பிறகு மாதாமாதம் 992 மட்டும் எடுக்கலாம். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே 12 லட்சம் ரூபாய். இந்தத் தொகையை ஃபைனான்ஸ்காரரிடம் வட்டிக்கு வாங்கிப் போட்டு, அங்கே போனதும் மாதாமாதம் எடுத்துத் திருப்பிவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். இதைப்போல ஆபத்தான ஏற்பாடு வேறில்லை. மாதம் 992 யூரோ என்பது உண்மையிலேயே சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வேண்டிய பணம். அனுமதியைப் புதுப்பிக்கும்போது, வரும் ஆண்டுக்கும் பணம் இருக்கிறது என்று மறுபடியும் காட்டச் சொல்வார்கள். லைப்சிக், கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு நகரங்களில் 992 யூரோவில் சிக்கனமாக மாதத்தை ஓட்டிவிடலாம். மியூனிக்கில் பாதி வாடகைக்கே போய்விடும். பல்கலைக்கழகத் தரவரிசையைப் பார்க்கும் அதே கவனத்தோடு ஊர் வாடகையையும் பாருங்கள்.

பகுதிநேர வேலைக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி உண்டு. 2024 மார்ச் முதல் இந்த அளவு. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் மாணவர் காப்பீட்டுச் சலுகை போய்விடும். குறைந்தபட்சக் கூலி 2026-இல் மணிக்கு 13.90 யூரோ. வேலை என்றால் சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் வேலை மட்டுமே. சொந்தத் தொழிலாகப் பதிவுசெய்து பார்சல் ஓட்டுவது, ஃப்ரீலான்ஸாக வெப்சைட் செய்து கொடுப்பது ஆகியவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். அது இல்லாமல் செய்து மாட்டிக்கொண்டால் புதுப்பித்தல் சிக்கலாகும்.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு தவறு படிப்பு முடியும்வரை கூடவே வரும். 30 வயதுக்குட்பட்டவர்கள் அரசு முறைக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். விலை மலிவு என்று முதல் செமஸ்டரில் தனியார் காப்பீட்டைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் படிப்பு முடியும்வரை அரசுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. விசா கன்சல்டன்ட் இலவசமாகத் தருகிறேன் என்று நீட்டும் காப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 30 தாண்டியவர்களுக்கு மாணவர் கட்டணம் இல்லை. அவர்கள் பட்ஜெட்டை வேறு மாதிரி போட வேண்டும்.

தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற நல்ல தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் சேர்க்கைக்குக் கமிஷன் கொடுப்பது அவர்கள்தான் என்பதால் ஏஜென்ட்டின் பட்டியலில் அவைதான் முதலில் வரும். மாணவர் அனுமதி நேரில் வகுப்புக்குப் போய்ப் படிக்கும் முழுநேரப் படிப்புக்கு மட்டுமே. பாதி ஆன்லைன், பாதி நேரடி என்று நடத்தும் படிப்பை வெளிநாட்டவர் அலுவலகம் ஏற்காவிட்டால், கட்டிய கட்டணமும் போய் நாட்டை விட்டுக் கிளம்பச் சொல்லும் கடிதமும் வரும். 2025-இல் பெர்லினில் இந்திய மாணவர்கள் சிலருக்கு இப்படித்தான் ஆனது.

படித்து முடித்ததும் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும். இந்தக் காலத்தில் எந்த வேலையும் எத்தனை மணி நேரமும் செய்யலாம். படிப்பு வழியின் உண்மையான லாபம் இந்த 18 மாதமும் இதற்குப் பின்னால் வரும் சலுகையும்தான்: ஜெர்மன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர், தகுதிக்கேற்ற வேலையில் இரண்டே ஆண்டு இருந்து 24 மாதம் ஓய்வூதியச் சந்தா கட்டினால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். நிபந்தனை, ஜெர்மன் மொழி பி1 நிலை. ஆங்கிலவழி எம்.எஸ். முடித்தவர்கள் தடுக்கி விழும் இடம் இதுவே. பட்டம் ஆங்கிலத்தில் கிடைத்துவிடுகிறது, இன்டர்வியூவில் ஜெர்மன் கேட்கிறார்கள். பெர்லின் ஸ்டார்ட்அப்கள் சிலவற்றில் ஆங்கிலம் போதும். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஐம்பது பேர் கம்பெனியில் போதாது, நம் மெக்கானிக்கல் பட்டதாரிகளுக்கு வேலை இருப்பதோ அங்கேதான். சென்னையில் கோத்தே இன்ஸ்டிட்யூட்டான மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறு நல்ல மையத்திலோ ஏ2 வரையாவது முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் அசைன்மென்ட்டுக்கும் பகுதிநேர வேலைக்கும் நடுவில் ஏ1-ஐயே தாண்டாமல் நிற்பதை நிறையப் பார்க்கலாம்.

வேலை வழி

கையில் பட்டமும் வேலை ஆஃபரும் இருந்தால் புளூ கார்டு. சம்பள வரம்பு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் மாறும். ஜெர்மன் ஓய்வூதியக் காப்பீட்டில் சந்தா கணக்கிடும் உச்சவரம்பில் 50 விழுக்காடு என்பது பொது வரம்பு. ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கும், பட்டம் பெற்று மூன்றாண்டுக்குள் இருப்பவர்களுக்கும் 45.3 விழுக்காடு. 2025-இல் இவை 48,300 யூரோ, 43,759.80 யூரோ. 2026-இல் 50,700 யூரோ, 45,934.20 யூரோ. எல்லாம் பிடித்தம் போகும் முன் உள்ள ஆண்டுச் சம்பளம். தனியாளுக்கு வரியும் காப்பீடும் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. டிசம்பரில் ஆஃபர் வாங்கி ஜனவரியில் விண்ணப்பிப்பவர்கள் புது வரம்பைப் பார்த்துச் சம்பளம் பேசுங்கள். சில நூறு யூரோ குறைவால் விண்ணப்பம் தள்ளுபடியானால் யாரையும் குறைசொல்ல முடியாது.

கணினித் துறையினருக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. பட்டம் இல்லாவிட்டாலும், கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்றாண்டு உயர்நிலை அனுபவம் இருந்தால் குறைந்த வரம்பிலேயே புளூ கார்டு கிடைக்கும்.

பட்டத்தை ஜெர்மனி ஏற்கிறதா என்று பார்ப்பது அனபின் என்ற இணையத் தரவுத்தளத்தில். பல்கலைக்கழகத்துக்கு 'எச் பிளஸ்' குறியீடும், உங்கள் பட்டத்துக்கு நிகரானது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். நம்மவர்கள் தங்கள் கல்லூரியின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு இல்லையே என்று பதறுவார்கள். இணைப்புக் கல்லூரியில் படித்திருந்தால் பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரில் தேடுங்கள். அங்கேயும் தெளிவாக இல்லையென்றால், பான் நகரில் இருக்கும் வெளிநாட்டுக் கல்விக்கான மைய அலுவலகத்தில் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கிக்கொள்ளலாம். வேலை கிடைத்த பிறகு இதற்கு ஓடாமல், தேடத் தொடங்கும்போதே வாங்கிவிடுவது நல்லது.

புளூ கார்டு என்ற பெயருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. சம்பளம் வரம்பைத் தொடவில்லை என்பதற்காக நல்ல வேலையை விட்டுவிட வேண்டாம். 18பி பிரிவில், 45 வயதுக்குட்பட்டவருக்கு நிலையான சம்பள வரம்பு கிடையாது. அந்த ஊரில் அந்த வேலைக்கு வழக்கமாகக் கொடுக்கும் சம்பளமாக இருந்தால் போதும். நிரந்தரக் குடியிருப்புக் கணக்கில் பாருங்கள். புளூ கார்டுகாரர் பி1 ஜெர்மனோடு 21 மாதத்தில் விண்ணப்பிக்கலாம், ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதம். 18பி-யில் இருப்பவர் ஜெர்மன் பட்டதாரியானால் 24 மாதம், இந்தியப் பட்டதாரியானால் 36 மாதம். ஜெர்மன் பட்டம் இருப்பவருக்கு வித்தியாசம் மூன்றே மாதம். இந்தியப் பட்டத்தோடு போகிறவருக்குத்தான் புளூ கார்டு பெரிய ஆதாயம். மொழி தெரிந்தால் பதினைந்து மாதம் மிச்சம். புளூ கார்டில் இன்னொரு வசதி, 12 மாதம் வரை வெளிநாட்டில் இருந்தாலும் காலாவதியாகாது. மற்ற அனுமதிகளில் பொதுவாக ஆறு மாதம்தான். அம்மா அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரில் வந்து நிற்க வேண்டியவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

புளூ கார்டு கிடைத்த முதல் 12 மாதத்தில் கம்பெனி மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நிபந்தனை பொருந்தாவிட்டால் அவர்கள் மறுக்கலாம். வேலை போனாலும் தெரிவித்தாக வேண்டும். பேசாமல் இருந்து புதிய வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்பது தப்புக்கணக்கு.

சில வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வூதியச் சந்தா 60 மாதத்துக்குக் குறைவாகக் கட்டியிருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்து 24 மாதம் கழித்து உங்கள் பங்கைத் திரும்பக் கேட்கலாம். கம்பெனியின் பங்கு வராது. இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

வேலை தேடிப் போவது

சான்சன்கார்ட்டே, அதாவது ஆப்பர்ச்சுனிட்டி கார்டு, 2024 ஜூன் 1 முதல் இருக்கிறது. ஆஃபர் இல்லாமலேயே ஓராண்டு வரை ஜெர்மனியில் தங்கி வேலை தேடலாம், வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம், ஒரு கம்பெனியில் இரண்டு வாரம் வரை சோதனை வேலையும் பார்க்கலாம். பட்டம் முழுமையாக அங்கீகரிக்கப்பட்டிருந்தால் புள்ளிக் கணக்கே தேவையில்லை. இல்லையென்றால் இந்தியாவில் செல்லுபடியாகும் பட்டமோ இரண்டாண்டுத் தொழிற்படிப்போ இருந்து, ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 காட்டி, ஆறு புள்ளி சேர்க்க வேண்டும்.

கோயம்புத்தூரில் 29 வயது மெக்கானிக்கல் இன்ஜினியர் ஒருவரை வைத்துப் போட்டுப் பார்ப்போம். 35 வயதுக்குள் இருப்பதால் 2 புள்ளி. கடந்த ஏழு ஆண்டில் ஐந்தாண்டு அதே துறை அனுபவத்துக்கு 3. பற்றாக்குறைத் தொழில் என்பதற்கு 1. ஆறு வந்துவிட்டது. அனுபவம் இரண்டாண்டுதான் என்றால் 2 புள்ளியே கிடைக்கும். அப்போது ஆங்கிலம் சி1-க்கு 1 சேர்த்தோ, ஜெர்மன் ஏ2-க்கு 1 சேர்த்தோ ஆறாக்கிக்கொள்ளலாம். ஜெர்மன் பி1-க்கு 2, பி2-க்கு 3.

இவ்வளவு சுலபமா என்றால், விசா சுலபம்தான், அதன் பிறகுதான் கஷ்டம். செலவுக்கு மாதம் 1,091 யூரோ என்பது 2025-இன் அளவு. ஓராண்டுக்கு 13,000 யூரோவுக்கு மேல். குடும்பத்தை அழைத்துக்கொண்டு போகும் விசா இது அல்ல. இதில் கழியும் மாதங்கள் திறன் தொழிலாளருக்கான நிரந்தரக் குடியிருப்புக் கணக்கில் சேராது. ஓராண்டுக்குள் தகுதிக்கேற்ற வேலை அமையாவிட்டால் சேமிப்பைக் கரைத்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். ஜெர்மன் பி1 இல்லாத, கணினித் துறை சாராத யாரும் இதை எடுக்க வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. பி1 இருந்தால், இங்கிருந்தபடியே ஆன்லைனில் இன்டர்வியூ கொடுத்து ஆஃபரோடு போகும் வாய்ப்பும் கூடிவிடுகிறது. அப்போது இந்தக் கார்டே தேவைப்படாமல் போகலாம்.

தொழிற்பயிற்சியும் செவிலியரும்

பட்டம் இல்லாதவர்களுக்கு ஆஸ்பில்டுங் ஒரு நல்ல வழி, அதைச் சுற்றி நடக்கும் வியாபாரம் கெட்ட வியாபாரம். ஆஸ்பில்டுங் என்பது இரண்டு முதல் மூன்றரை ஆண்டு வரை, வாரத்தில் சில நாள் தொழிற்பள்ளியிலும் மற்ற நாள் நிறுவனத்திலும் சம்பளத்தோடு கற்பது. குறைந்தபட்ச மாதப் பயிற்சி ஊதியம் 2026-இல் முதலாண்டில் 724 யூரோ. செவிலியர் பயிற்சியில் பொதுத்துறை ஒப்பந்தப்படி 1,300 யூரோவுக்கு மேல் கிடைக்கும். முடித்து வேலையில் இரண்டாண்டு இருந்தால் இவர்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உண்டு. பல்கலைக்கழகப் பட்டதாரிக்குள்ள அதே சலுகை பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கும் பையனுக்கும் கிடைப்பது இந்த வழியில்தான். பாடமும் தேர்வும் ஜெர்மனிலேயே நடப்பதால் பி1 கேட்பார்கள். உண்மையில் தேறுவதற்கு பி2 வேண்டும்.

'சீட் வாங்கித் தருகிறோம்' என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பயிற்சி கொடுக்கப்போகும் நிறுவனம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் காட்ட முடியுமா? நிறுவனம்தான் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கப்போகிறது. சீட்டுக்கு விலை என்று ஒன்று இல்லை.

ஏற்கெனவே பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம்.-மோ முடித்தவர்கள் மறுபடி ஆஸ்பில்டுங்கில் சேர வேண்டியதில்லை. படிப்பை அங்கீகரிக்க விண்ணப்பித்தால், என்னென்ன குறைகிறது என்று பட்டியலிட்ட ஓர் ஆணை வரும். அங்கே போய்த் தழுவல் பயிற்சியோ அறிவுத் தேர்வோ முடித்து முழுச் செவிலியராகலாம். அதுவரை உதவியாளராகச் சம்பளம் உண்டு. மொழி பொதுவாக பி2. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது, செவிலியர்களை ஜெர்மனிக்கும் அனுப்புகிறது. தனியாரிடம் போகும் முன் சென்னை கிண்டியில் இருக்கும் அதன் அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்ட் என்றால், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். இமைகிரேட் இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஆளிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். படிப்புக்கு அனுப்பும் கன்சல்டன்ட்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, எனவே அங்கே கட்டணத்துக்கு வரம்பே இல்லை.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே மறுபரிசீலனை மனு போடும் முறை முன்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். ஆகவே முதல் விண்ணப்பமே முழுமையாக இருக்கட்டும்.

போய் இறங்கியதும்

வீடு கிடைத்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். அதைத் தராத வீட்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். முகவரிப் பதிவு இல்லாமல் வரி எண், அனுமதி அட்டை எல்லாமே தாமதமாகும். விசா முடியும் முன்பே அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். பெரிய ஊர்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மாதக்கணக்காகும். இடைக்காலத்தில் ஒரு தற்காலிகச் சான்று தருவார்கள். அதை வைத்து அக்கா கல்யாணத்துக்கு ஊர் வந்து திரும்பலாமா என்பது அந்தச் சான்றில் எந்தக் கட்டம் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய அனுமதி தொடர்வதாகக் குறித்திருந்தால், அதாவது 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவென்றால், திரும்ப நுழையலாம். 3-ஆம் உட்பிரிவென்றால் டிக்கெட் போடாதீர்கள்.

அங்கேயே இருந்துவிடுவது

புளூ கார்டுகாரரின் கணவரோ மனைவியோ முன்கூட்டி ஜெர்மன் தேர்வு எழுத வேண்டியதில்லை. வந்ததும் எந்த வேலையும் செய்யலாம். அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர முடியுமா என்பதே நம்மவர்களின் அடுத்த கேள்வி. 2024 மார்ச் 1 முதல் புதிதாகத் திறன் தொழிலாளர் அனுமதி பெற்றவர்கள் பெற்றோரையும், துணைவருடைய பெற்றோரையும் அழைக்கலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. நடைமுறையில் தடுப்பது மருத்துவக் காப்பீடு. அறுபதைத் தாண்டியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் முழுக் காப்பீடு கிடைப்பது அரிது, கிடைத்தாலும் பிரீமியம் கட்டி மாளாது. இதை நம்பி ஊர் வீட்டை விற்க வேண்டாம்.

குடியுரிமைக்கு, 2024 ஜூன் 27-இல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி ஐந்தாண்டுகள். சிறப்பாக ஒன்றிணைந்தவர்களுக்கு மூன்றே ஆண்டில் என்றிருந்த குறுக்குவழியை 2025 அக்டோபரில் மூடிவிட்டார்கள்; பழைய யூடியூப் வீடியோக்களில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பி1 மொழி, சொந்த வருமானம், 33 கேள்வியில் 17 சரியாக எழுதும் தேர்வு, கட்டணம் 255 யூரோ. மாணவராக இருந்த ஆண்டுகளும் ஐந்தாண்டில் சேரும், ஆனால் மாணவர் அனுமதியில் இருந்துகொண்டு விண்ணப்பிக்க முடியாது.

2024 ஜூன் திருத்தத்தால் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. இலங்கையும் விண்ணப்பத்தின் பேரில் அனுமதிப்பதால், எண்பதுகளில் அகதிகளாக வந்து ரூர் பகுதியில் வேரூன்றி, 2002-இல் ஹாம் நகரில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரம் எழுப்பிய ஈழத்தமிழரின் பிள்ளைகளுக்கு இது பயன்படும். இந்தியா அனுமதிப்பதில்லை. ஜெர்மன் குடியுரிமை ஏற்ற நாளிலேயே 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கி, ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓ.சி.ஐ. இருந்தால் விசா இல்லாமல் வந்து போகலாம், வேலை செய்யலாம், சென்னையில் ஃபிளாட் வாங்கலாம். வாக்களிக்க முடியாது, அரசு வேலையில் சேர முடியாது. விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்கவும் முடியாது. அப்பா பெயரில் இருக்கும் வயல் வாரிசாக வந்து சேர்வதற்குத் தடை இல்லை. ஆனால் பக்கத்து வயலையும் வாங்கிச் சேர்க்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பத்திரப் பதிவைக் குடியுரிமை விழாவுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.